டின் டூனா கட்லெட் தவாவில் ஏன் உதிர்கிறது, உதிராமல் பொரிப்பது எப்படி?

கேள்வி இதுதான்: டின்னில் வரும் டூனாவை வைத்து, எண்ணெயில் முக்கிப் பொரிக்காமல், தவாவில் கொஞ்சம் எண்ணெய் விட்டு மீன் கட்லெட் செய்ய வேண்டும். முட்டை சேர்த்தும் திருப்பிப் போடும்போது உடைந்துவிடுகிறது. உடையக் கூடாதென்று பிரெட் தூளைக் கூட்டினால் கல்லாக இறுகுகிறது. எங்கே தவறு?

முதலில் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். டூனாவை வடித்தால் போதாது, பிழிய வேண்டும். பிசைந்த கலவையை 20 நிமிடம் அப்படியே விட வேண்டும். முதல் பக்கம் சிவந்து தவாவை விட்டுத் தானாக நகரும் வரை தொடக் கூடாது. உடைகிற கட்லெட் பெரும்பாலும் இந்த மூன்றில் ஒன்றில் மாட்டிக்கொண்டதாகத்தான் இருக்கும். நீங்கள் சொல்லும் இரண்டு கோளாறுகளுமே, அதாவது உடைவதும் கல்லாவதும், ஒரே இடத்திலிருந்து வருகின்றன: நீர்.

பச்சை மீனையோ கொத்துக்கறியையோ உப்புப் போட்டுப் பிசைந்தால் கையில் பிசுபிசுவென்று ஒட்டும். தசையிலிருந்து வெளிவரும் புரதம்தான் அந்தப் பசை. சூடு பட்டதும் அது இறுகி, துண்டுகளை ஒன்றோடொன்று கட்டிப்போடும். அதனால்தான் கறி கட்லெட்டில் முட்டை இல்லாவிட்டாலும் ஒப்பேற்றிவிடலாம். டின் டூனாவில் அந்த வேலை எப்போதோ முடிந்துவிட்டது. மீனைப் பெரும்பாலும் ஒருமுறை ஆவியில் வேகவைத்து, தோல், முள் நீக்கி டின்னில் அடைக்கிறார்கள். மூடி அடைத்தபின் கெட்டுப்போகாமலிருக்க, அழுத்தத்தில் ஏறக்குறைய 115 முதல் 121 டிகிரி செல்சியஸ் வரை இன்னொரு முறை வேகவைக்கிறார்கள். இப்படி இரண்டு முறை வெந்து இறுகிய புரதத்திடம் இனிப் பசை எதிர்பார்க்க முடியாது. கையில் இருப்பது நார் நாராகப் பிரிகிற, இடுக்குகளில் நீர் தேங்கிய ஒரு பொருள். பசையை வெளியிலிருந்துதான் கொண்டுவர வேண்டும். நீர் மிஞ்சினால் அந்தப் பசையும் நீர்த்துப்போகும்.

எந்த டின் வாங்குவது

நீரில் போட்டது, உப்பு நீரில் போட்டது, எண்ணெயில் போட்டது என்று மூன்று வகை வரும். எண்ணெயில் போட்டதுதான் கட்லெட்டுக்கு நல்லது என்பேன். சதை வறண்டுபோகாது, வடித்த எண்ணெயில் ஒரு ஸ்பூனைக் கலவைக்கே திருப்பிக் கொடுக்கலாம். நீரில் போட்டது மலிவாகக் கிடைத்தால் தாராளமாக வாங்குங்கள். கொழுப்பு மட்டும் தனியாகச் சேர்க்க வேண்டியிருக்கும். தக்காளி, மிளகாய், எலுமிச்சை என்று சாஸ் சேர்த்து வருவதை இதற்குத் தொடாதீர்கள். அந்த சாஸைக் கழுவினாலும் போகாது, விட்டாலும் கலவை கூழாகும்.

துண்டின் அளவும் முக்கியம். முழுத் துண்டாக வருவது விலை அதிகம், எப்படியும் உதிர்த்துவிடத்தான் போகிறோம். சிறு துண்டுகளாக வருவது போதும். ஏற்கெனவே துருவல் மாதிரி வரும் மலிவு டின்னில்தான் பிரச்சினை. அதில் நாரே இருக்காது, பிழிந்தால் விழுதாகிவிடும், வெந்தபின் மாவைக் கடிப்பது போலிருக்கும்.

டின்னின் மேல் இரண்டு எடை போட்டிருக்கும். மொத்த எடையைப் பார்க்காதீர்கள், வடித்த எடையைப் பாருங்கள். 185 கிராம் டின் என்றால் உள்ளே மீன் 130 கிராம் அளவில்தான் இருக்கும். 140 கிராம் டின்னில் 100 கிராமை ஒட்டி இருக்கும். "இரண்டு டின் டூனா" என்று மட்டும் சொல்லும் குறிப்புகள் பாதிப் பேருக்குச் சரியாக வராததற்கு இதுவே காரணம். கீழே எல்லா அளவும் பிழிந்தபின் உள்ள எடைக்குத்தான்.

ஆறு கட்லெட்டுக்கான அளவு

டூனா, பிழிந்தபின்: 240 கிராம் (185 கிராம் டின் இரண்டு)
முட்டை: 1, நடுத்தர அளவு
காய்ந்த பிரெட் தூள்: 40 கிராம், ஏறக்குறைய 6 டேபிள்ஸ்பூன்
வெங்காயம்: 70 கிராம், மிகப் பொடியாக நறுக்கியது
மயோனைஸ்: 2 டேபிள்ஸ்பூன் (எண்ணெய் டூனா என்றால் 1 போதும்)
எலுமிச்சைத் தோல் துருவல்: ஒரு பழத்தினுடையது, சாறு 1 டீஸ்பூன் மட்டும்
கடுகு விழுது: 1 டீஸ்பூன்
மிளகுத் தூள்: அரை டீஸ்பூன்
கொத்தமல்லித் தழையோ வேறு பச்சிலையோ: பொடியாக நறுக்கி 2 டேபிள்ஸ்பூன்
பச்சை மிளகாய்: 1, விரும்பினால்
உப்பு: ருசி பார்த்தபின்
பொரிக்க எண்ணெய்: 3 டேபிள்ஸ்பூன்

இதில் அசைக்கக் கூடாதது மீன், முட்டை, தூள் மூன்றின் விகிதம்தான். 240-க்கு ஒரு முட்டை, 40 கிராம் தூள். முட்டை இரண்டானால் கலவை தளர்ந்து தவாவில் பரவும், வெந்தபின் ஆம்லெட் வாசனை அடிக்கும், ரப்பர் போல இழுக்கும். மற்றதெல்லாம் உங்கள் கை.

பிரெட் தூளுக்குப் பதிலாக மைதாவோ சோள மாவோ போடலாமா என்று கேட்பார்கள். இரண்டும் ஒரே வேலை செய்வதில்லை. பிரெட் ஏற்கெனவே வெந்த மாவு. அதனால் குளிர்ந்த நிலையிலேயே நீரை உறிஞ்சி வீங்கும், கையில் உருட்டும்போதே பிடிப்புத் தெரியும். பச்சை மாவு சூடு ஏறும் வரை நீரை அதிகம் குடிக்காது. உருட்டும்போது கொழகொழப்பாகவே இருக்கும், நடுவில் சரியாக வேகாவிட்டால் மாவு வாசனையும் வரும். புது பிரெட்டை உதிர்த்துப் போடுவதானால் அதிலேயே ஈரம் இருப்பதால் 60 கிராம் எடுத்துக்கொள்ளுங்கள், ஓரம் நீக்கிய இரண்டு, மூன்று துண்டு வரும். கட்லெட் இன்னும் மென்மையாக வரும், ஆனால் பிடிப்புச் சற்றுக் குறைவு.

பிழிவது

மூடியைத் திறந்து, அதே மூடியால் அழுத்தி, டின்னைச் சாய்த்து வடிப்பது சாண்ட்விச்சுக்குப் போதும், கட்லெட்டுக்குப் போதாது. அப்படி வடித்த டூனாவை வடிகட்டியில் கொட்டி, கரண்டியின் பின்புறத்தால் அழுத்திப் பாருங்கள், இன்னும் நீர் சொட்டும். பிறகு கைப்பிடியாக எடுத்து, இன்னொரு பாத்திரத்தின் மேல் பிழியுங்கள். முறுக்கிப் பிழிந்து பஞ்சாக்க வேண்டாம். விரல் இடுக்கில் நீர் ஓடுவது நின்று, ஈரம் மட்டும் மினுங்கும் அளவு போதும். இரண்டு டின்னில் வடிகட்டியபின்னும் ஒன்றிரண்டு டேபிள்ஸ்பூன் நீர் இப்படி வரும். ஒரு டேபிள்ஸ்பூன் நீரை அடக்கக் கிட்டத்தட்ட இரண்டு டேபிள்ஸ்பூன் பிரெட் தூள் வேண்டும். அப்படியானால் பிழியாமல் விட்டதற்கு ஈடாகத் தூளைக் கூட்டும்போது மீன் கட்லெட் பிரெட் கட்லெட்டாக மாறுவதில் ஆச்சரியமில்லை.

டின்னில் இருக்கும் நீர்தான் அந்தக் கனத்த மீன் வாடையையும் வைத்திருக்கிறது. பிழிந்தாலே பாதி வாடை போய்விடும். உப்பு நீரில் போட்டது மிகவும் கரிப்பாக இருந்தால் ஒரு முறை குளிர்ந்த நீரில் அலசிவிட்டுப் பிழியலாம்; சுவையும் கொஞ்சம் போகும் என்பதால் தேவையிருந்தால் மட்டும்.

பிழிந்ததை முள்கரண்டியால் உதிர்த்துவிடுங்கள். பெரிய துண்டு நாலைந்து இருந்தால் அந்த இடத்தில்தான் கட்லெட் பிளக்கும். மிக்ஸி வேண்டவே வேண்டாம்.

வெங்காயம், உப்பு, ருசி

கட்லெட் தவாவில் இருக்கப்போவது மொத்தம் ஆறேழு நிமிடம். அதற்குள் உள்ளே இருக்கும் பச்சை வெங்காயம் வேகாது. நறுக்கென்று கடிபடும், நீர் விடும், அந்த இடம் ஓட்டையாகும். ஒரு டீஸ்பூன் எண்ணெயில் நான்கைந்து நிமிடம், நிறம் மாறாமல் கண்ணாடி போலாகும் வரை வதக்கி, முழுதாக ஆறவிட்டுச் சேர்ப்பதுதான் சரி. சூடாகப் போட்டால் முட்டை அங்கங்கே திரிந்துவிடும். வதக்கப் பொறுமையில்லை என்றால் நறுக்கியதைக் குளிர்ந்த நீரில் பத்து நிமிடம் போட்டு, துணியில் பிழிந்துவிடுங்கள். காரமான வாடை போய்விடும். எப்படியானாலும் அரிசி மணி அளவுக்கு மேல் பெரிதாக நறுக்க வேண்டாம்.

எலுமிச்சையைப் பொறுத்தவரை மணம் தோலில் இருக்கிறது, சாற்றில் இருப்பது புளிப்பும் நீரும். துருவலைத் தாராளமாகப் போடுங்கள். சாற்றைச் சாப்பிடும்போது மேலே பிழிந்துகொள்ளலாம். துருவும்போது மஞ்சளோடு நிறுத்துங்கள், அடியில் இருக்கும் வெள்ளைப் பகுதி கசக்கும்.

டின் டூனாவில் உப்பு ஏற்கெனவே உண்டு, ஆனால் ஒவ்வொரு நிறுவனத்துக்கும் அளவு வேறு. பிரெட் தூளிலும், மயோனைஸிலும், கடுகு விழுதிலும்கூட உண்டு. அதனால் அளவு சொல்லி எழுதுவதில் அர்த்தமில்லை. இந்த இடத்தில் டின் மீனுக்கு ஒரு வசதி இருக்கிறது: எல்லாமே வெந்தது. முட்டையைத் தவிர மற்ற எல்லாவற்றையும் கலந்து வாயில் போட்டு ருசி பார்க்கலாம். தனியாகச் சாப்பிட்டால் ஒரு பொட்டு தூக்கலாகத் தெரிய வேண்டும், ஏனென்றால் முட்டை சேர்ந்ததும் மட்டுப்படும். பார்த்துத் திருத்தியபின் முட்டையை உடைத்து ஊற்றுங்கள்.

பிசைந்தபின் காத்திருப்பது

முட்டையை முதலில் தனியாக அடித்துக்கொண்டு சேர்த்தால் எல்லா இடத்திலும் ஒரே மாதிரிப் பரவும். விரல் நுனியால் கிளறுவது போல, எல்லாம் ஒன்று சேரும் வரை மட்டும் கலக்குங்கள். சப்பாத்தி மாவு போல அழுத்திப் பிசைந்தால் நார் உடைந்து விழுதாகும்.

இப்போது கலவை தளர்வாகத்தான் இருக்கும். கையில் எடுத்தால் வழுக்கும். பலரும் சறுக்குவது இந்த நிமிடத்தில்தான். "இன்னும் கொஞ்சம் தூள் வேண்டும் போல" என்று ஒரு கைப்பிடி அள்ளிப் போடுவார்கள், உடனே உருட்ட வரும், சந்தோஷமாக இருக்கும். ஆனால் அந்தத் தூள் இன்னும் நீர் குடித்து முடிக்கவில்லை. தவாவில் இருக்கும்போதும், பிறகு தட்டில் இருக்கும்போதும் அது குடித்துக்கொண்டேயிருக்கும், மீனின் ஈரம் முழுவதும் தூளுக்குள் போய்விடும். கல்லாகிப்போன கட்லெட்டின் கதை இதுதான்.

கலவையை மூடி ஃபிரிட்ஜில் 20 நிமிடம் வையுங்கள். வெளியே எடுத்து, எலுமிச்சை அளவு உள்ளங்கையில் வைத்து மூடி அழுத்தித் திறந்து பாருங்கள். விரல் ரேகைகள் அதன் மேல் பதிந்து அப்படியே நின்றால் பதம் சரி. விரலிடுக்கில் ஈரம் கசிந்தால் ஒரு டேபிள்ஸ்பூன் தூள் சேர்த்து, இன்னும் ஐந்து நிமிடம் விடுங்கள். அழுத்திய ஓரம் வெடித்தால் வறட்சி, ஒரு டீஸ்பூன் மயோனைஸோ பாலோ போதும். ஒவ்வொரு முறையும் ஒரு ஸ்பூனுக்கு மேல் போக வேண்டாம்.

ஆறு சம பங்காகப் பிரித்தால் ஒவ்வொன்றும் 70 கிராம் அளவில் வரும். கையை லேசாக நனைத்துக்கொண்டு உருட்டி, 7 சென்டிமீட்டர் அகலம், 2 சென்டிமீட்டருக்குச் சற்றுக் குறைவான கனம் இருக்கும்படி தட்டுங்கள். மெல்லிதாகத் தட்டினால் திருப்பும்போது மடிந்து உடையும். இதைவிடத் தடிமனானால் வெளியே கருகும்போதும் உள்ளே சூடு ஏறியிருக்காது. தட்டியதும் ஓரத்தில் சிறு வெடிப்புகள் தெரியும். அவற்றை விரலால் சுற்றிலும் தடவி அடைத்துவிடுங்கள். பொரியும்போது உடைவது பெரும்பாலும் ஓரத்து வெடிப்பிலிருந்துதான் தொடங்குகிறது. நேரம் இருந்தால் தட்டியவற்றை இன்னும் பதினைந்து நிமிடம் குளிரவிடலாம்.

தவாவில்

விளிம்புள்ள தட்டையான வாணலி நல்லது. தோசைக்கல்லில் செய்ய முடியும், ஆனால் எண்ணெய் ஓரத்துக்கு ஓடிவிடும், கட்லெட்டின் பக்கவாட்டில் நிறம் பிடிக்காது. நான்ஸ்டிக் ஆனாலும் நன்றாகப் பழகிய இரும்பு ஆனாலும் சரி. எவர்சில்வர் என்றால் முதலில் வாணலியைச் சூடாக்கி, பிறகு எண்ணெய் விட்டு, அதுவும் சூடானபின் போட வேண்டும், இல்லாவிட்டால் ஒட்டும்.

26 சென்டிமீட்டர் வாணலிக்கு 3 டேபிள்ஸ்பூன் எண்ணெய். கடலை எண்ணெய், சூரியகாந்தி எண்ணெய் போல அதிகச் சூடு தாங்குவது வேண்டும். வெண்ணெய் ருசியாக இருக்கும், ஆனால் அதிலுள்ள பால் பகுதி சீக்கிரம் கருகிவிடும். கடைசி ஒரு நிமிடத்தில் ஒரு துண்டு போட்டு உருகவிட்டால் மணமும் வரும், கருகலும் இருக்காது.

அடுப்பு நடுத்தரத் தீயில். எண்ணெய் 170 முதல் 175 டிகிரி செல்சியஸ் இருக்க வேண்டும். தெர்மாமீட்டர் இல்லாவிட்டால் ஒரு சிட்டிகை பிரெட் தூளைப் போடுங்கள். போட்டதும் சுற்றிக் குமிழ் கிளம்பி, அரை நிமிடத்தில் பொன்னிறமானால் சரி. அடியில் சும்மா கிடந்தால் காத்திருங்கள், உடனே கருத்தால் வாணலியைக் கொஞ்சம் தள்ளி வையுங்கள். கட்லெட்டின் மேல் மாவு தூவ விரும்பினால் எண்ணெயில் வைப்பதற்கு ஒரு நிமிடம் முன் மெல்லிசாகத் தூவித் தட்டிவிடுங்கள். முன்னாலேயே தூவி வைத்தால் ஈரம் ஊறி மாவு பசையாகும், அது வாணலியில் ஒட்டும்.

முழுவதையும் பொரிக்கும் முன் ஒரு ஸ்பூன் கலவையைத் தட்டிப் பொரித்துப் பாருங்கள். உப்பும் பிடிப்பும் இரண்டு நிமிடத்தில் தெரிந்துவிடும், தவறு இருந்தால் மீதியைத் திருத்த இடமிருக்கிறது.

ஒரு ஈட்டுக்கு மூன்று, அதிகம் போனால் நான்கு. ஆறையும் நெருக்கிப் போட்டால் எண்ணெயின் சூடு சட்டென்று இறங்கும், வெளிவரும் ஆவி போக வழியில்லாமல் கட்லெட் பொரிவதற்குப் பதிலாக அவியும். இடையில் ஒரு விரல் இடம் இருக்கட்டும்.

போட்டதும் சத்தத்தைக் கேளுங்கள். தொடக்கத்தில் சடசடவென்று ஈரம் வெடிக்கும். மூன்று நிமிடம் நெருங்கும்போது அது தணிந்து சீரான சலசலப்பாக மாறும். அடியிலிருந்து பொன்னிறக் கோடு ஒன்று பக்கவாட்டில் ஏறி, கனத்தில் மூன்றில் ஒரு பங்கைத் தொடும். இப்போது வாணலியின் கைப்பிடியைப் பிடித்து லேசாக ஒரு குலுக்கு குலுக்குங்கள். கட்லெட் தானாக வழுக்கி நகர்ந்தால் அடியில் மேலோடு பிடித்துவிட்டது, திருப்பலாம். நகராவிட்டால் தோசைத்திருப்பியால் நெம்ப வேண்டாம், இன்னும் அரை நிமிடம் விடுங்கள். மேலோடு முழுமையாகும் வரை புரதமும் மாவும் உலோகத்தைப் பிடித்துக்கொண்டிருக்கும். அந்த நேரத்தில் நெம்பினால் மேலோடு வாணலியில் தங்கும், கட்லெட் உங்கள் கையில் பிளக்கும்.

திருப்புவதற்கு அகலமான, மெல்லிய முனையுள்ள திருப்பி. அதை முழுதாக அடியில் செலுத்தி, மேலே ஒரு ஸ்பூனை அணையாக வைத்து, உங்களுக்கு எதிர்ப்பக்கமாகச் சாய்த்துப் போடுங்கள். எண்ணெய் தெறித்தாலும் கையில் படாது. ஒரே முறைதான் திருப்ப வேண்டும். அடுத்த பக்கம் இரண்டரை முதல் மூன்று நிமிடம். திருப்பியால் மேலே அழுத்தாதீர்கள், உள்ளே இருக்கும் கொஞ்ச ஈரமும் வெளியே வந்துவிடும்.

மீன் வெந்ததுதான், ஆனால் முட்டை பச்சை. முட்டையின் வெள்ளை 62 டிகிரியில் இறுகத் தொடங்குகிறது, மஞ்சள் 65-க்கு மேல். நடுவில் 71 டிகிரி வந்தால் பாதுகாப்பும் பிடிப்பும் இரண்டும் கிடைத்துவிடும். எடுத்ததும் காகிதத்தின் மேல் போட்டால் அடிப்பக்கம் ஆவியில் நனையும். கம்பி வலையின் மேல் வைத்தால் மொறுமொறுப்பு நிற்கும். இரண்டு நிமிடம் ஆறட்டும். அடுப்பிலிருந்து இறங்கிய சூட்டில் முட்டைக் கட்டு இன்னும் முழுதாக இறுகியிருக்காது, உடனே தூக்கினால் சில சமயம் கடைசி நேரத்தில் உடையும்.

அடுத்த ஈட்டுக்கு முன் எண்ணெயில் கிடக்கும் கருகிய தூளை வழித்துவிட்டு ஒரு டேபிள்ஸ்பூன் புது எண்ணெய் விடுங்கள். அந்தக் கருக்கல் இரண்டாம் ஈட்டில் ஒட்டி, கசப்பு ஏற்றிவிடும்.

தவறு எப்படித் தெரியும்

உடைந்த கட்லெட்டே காரணத்தைச் சொல்லிவிடும். எண்ணெயில் போட்டதும் ஓரமெல்லாம் பரவிக் கரைகிறதா, கலவையில் நீர் அதிகம் அல்லது எண்ணெய் சூடாகவில்லை. மேலோடு நன்றாக வந்து நடுவில் இரண்டாகப் பிளக்கிறதா, பெரிய மீன் துண்டோ வெங்காயமோ அங்கே இருக்கும். மேலோடு மட்டும் வாணலியில் உரிந்து நிற்கிறதா, அவசரப்பட்டுத் திருப்பியிருக்கிறீர்கள். வெளியே கருகி உள்ளே குளிராக இருந்தால் தீ அதிகம், அல்லது ஃபிரிட்ஜிலிருந்து எடுத்த தடித்த கட்லெட்டை நேராகப் போட்டிருப்பீர்கள். எண்ணெய் குடித்துக் கனத்திருந்தால் சூடு போதவில்லை.

வறண்டு, தொண்டையில் அடைப்பதுபோல் இருந்தால் கொழுப்பு குறைவு. டூனா இயல்பிலேயே கொழுப்பு குறைந்த மீன், நீரில் போட்டதில் இன்னும் குறைவு. மயோனைஸ் அதற்காகத்தான். அது பிடிக்காதவர்கள் டின்னிலிருந்து வடித்த எண்ணெயையோ சாதாரண எண்ணெயையோ ஒரு டேபிள்ஸ்பூன் சேர்க்கலாம். துணியில் கட்டி நீர் வடித்த கெட்டித் தயிரும் வேலை செய்யும், ஆனால் ஈரமும் கூடும் என்பதால் தூளில் ஒரு ஸ்பூன் ஏற்ற வேண்டியிருக்கும்.

உருளைக்கிழங்கு சேர்த்து, முட்டை இல்லாமல்

உருளைக்கிழங்கு சேர்த்தால் வேறு மாதிரி கட்லெட்: உள்ளே மெத்தென்று, மீன் சுவை மட்டாக. குழந்தைகளுக்கு இதுதான் பிடிக்கும். டூனா 240 கிராமுக்கு வெந்து தோல் உரித்த கிழங்கு 250 கிராம். பிரெட் தூளை உள்ளே போட வேண்டாம், முட்டையில் மஞ்சள் கரு மட்டும் போதும். கிழங்கை வேகவைத்து நீரை வடித்தபின் அதே சூட்டுப் பாத்திரத்தில் இரண்டு நிமிடம் மூடாமல் வைத்து ஆவியை விரட்டுங்கள். சூடு இருக்கும்போதே கையால் மசிக்க வேண்டும். மிக்ஸியில் போட்டால் மாவுச்சத்து வெளியே வந்து கோந்து போல இழுக்கும், அதைத் திரும்பச் சரிசெய்ய வழியே இல்லை. மசித்தது முழுதாக ஆறியபின் மீனைச் சேருங்கள். இதில் எட்டு வரும்; முட்டை வெள்ளையில் தோய்த்து பிரெட் தூளில் புரட்டிப் பொரித்தால் மேலோடு நன்றாக நிற்கும்.

முட்டையே வேண்டாம் என்றால் இந்தக் கிழங்கு வழிதான் நம்பகமானது. மஞ்சள் கருவுக்குப் பதிலாக 1 டேபிள்ஸ்பூன் சோள மாவு. சூட்டில் அது கிழங்கின் ஈரத்தைக் குடித்து இறுகும். வெள்ளைக் கருவில் தோய்ப்பதற்குப் பதில் மைதாவை நீர்க்கக் கரைத்துத் தோய்க்கலாம். கிழங்கும் இல்லாமல், முட்டையும் இல்லாமல் கேட்பவர்களுக்கு: 2 டேபிள்ஸ்பூன் கடலை மாவை அதே அளவு நீரில் குழைத்துச் சேர்க்கலாம். பிடிப்பு முட்டை அளவுக்கு வராது, அதனால் சிறிதாகத் தட்டுங்கள், திருப்பும்போது பார்த்துத் திருப்புங்கள்.

கோதுமை ஆகாதவர்கள் பிரெட் தூளுக்குப் பதில் ஓட்ஸை ஒன்றிரண்டாகப் பொடித்து அதே 40 கிராம் போடலாம். நீர் குடிக்க அது இன்னும் நேரம் எடுக்கும், அரை மணி நேரம் விடுங்கள். கோதுமை கலப்பில்லாத ஓட்ஸ் என்று பாக்கெட்டில் எழுதியிருக்கிறதா என்று பார்த்து வாங்க வேண்டும்.

இதே அளவில் டின் சால்மனும் செய்யலாம். அதில் வரும் முள் வெந்து மெத்தென்றிருக்கும், நசுக்கிவிட்டால் போதும். மத்தி எண்ணெய்ப்பசை உள்ள மீன். மயோனைஸை விட்டுவிட்டு, தூளை 50 கிராமாக்குங்கள்.

கெடாமல் வைப்பது

உப்பிய டின், கசிகிற டின், விளிம்புத் தையலில் நசுங்கிய டின் எதையும் திறந்துகூடப் பார்க்க வேண்டாம், தூக்கிப் போடுங்கள். திறந்தபின் மிஞ்சிய மீனைக் கண்ணாடிப் பாத்திரத்துக்கு மாற்றி ஃபிரிட்ஜில் வையுங்கள். டூனாவில் ஒரு தனி ஆபத்து உண்டு: திறந்தபின் வெளிச்சூட்டில் கிடந்தால் பாக்டீரியாக்கள் அதில் ஹிஸ்டமின் உண்டாக்கும். அது எத்தனை பொரித்தாலும் அழியாது, முகம் சிவந்து உடம்பு தடிக்கும். நாக்கில் மிளகு சுட்டது போன்ற எரிச்சல் தெரிந்தால் அதோடு நிறுத்திவிடுங்கள். கலவையும் சரி, பொரித்த கட்லெட்டும் சரி, இரண்டு மணி நேரத்துக்கு மேல் வெளியே இருக்கக் கூடாது.

அடிக்கடி செய்பவர்கள் பாதரசத்தையும் கணக்கில் எடுக்க வேண்டும். "லைட்" என்று வருவது பெரும்பாலும் சிறிய வகை டூனா. "வெள்ளை" அல்லது அல்பகோர் என்று வருவது பெரியது. அமெரிக்க உணவு மருந்து நிர்வாகத்தின் அளவீட்டில் சராசரி பாதரசம் முதலாவதில் கிலோவுக்கு 0.126 மில்லிகிராம், இரண்டாவதில் 0.350. கர்ப்பிணிகள், பாலூட்டுபவர்கள், சிறு குழந்தைகள் உள்ள வீட்டில் "லைட்" டின்னையே வாங்குங்கள். கட்லெட்டில் ருசி வித்தியாசம் ஒன்றும் தெரியப்போவதில்லை.

கலவையை ஒரு நாள் வரை ஃபிரிட்ஜில் வைத்துப் பொரிக்கலாம். பொரித்தது மூன்று நாள் தாங்கும். நீண்ட நாளைக்கு வேண்டுமென்றால் தட்டிய பச்சைக் கட்லெட்டைத் தட்டில் இடைவெளி விட்டு ஃபிரீசரில் இரண்டு மணி நேரம் வைத்து, கல்லானபின் பைக்குள் அடுக்குங்கள். இரண்டு மாதம் ருசி குறையாது. உருகவிட்டால் நீர் விட்டு உதிரும், அதனால் உறைந்தபடியே நடுத்தரத்துக்குக் குறைந்த தீயில், பக்கத்துக்கு ஆறு நிமிடம், வாணலியைப் பாதி மூடி. ஓவன் இருந்தால் மேலே எண்ணெய் தடவி 200 டிகிரியில் 25 நிமிடம், பாதியில் ஒரு முறை திருப்ப வேண்டும். உறையாதது என்றால் 18 நிமிடம் போதும். பொரித்து மிஞ்சியதை மைக்ரோவேவில் சூடாக்கினால் மேலோடு தொய்ந்துவிடும். எண்ணெய் விடாத தவாவில் குறைந்த தீயில் பக்கத்துக்கு மூன்று நிமிடம் வைத்தால் மொறுமொறுப்பு ஓரளவு திரும்பி வரும்.